குழாய்க்காரனும் மொட்டையனும்

ஈரானும் ஈராக்கும் எதற்காகச் சண்டை போட்டன என்று ஒச்சம்மாளைக் கேட்டால், எனக்கு என்ன தெரியும் என்பாள். எதை வைத்துச் சண்டை போட்டார்கள் என்று கேட்டால், அவளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான். அந்த இரண்டு நாடுகளும் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று காட்டத் தெரியாத அவள், இரண்டு படைகளும் சுட்டுப்போட்ட தோட்டாக் கூடுகளைச் சாக்கு சாக்காகப் பிரித்துப் போட்டவள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவளுக்கு இப்படி ஒரு வேலை வாய்க்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

எறணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், உப்பங்கழியான காயலை ஒட்டி நிற்கும் பழைய சரக்குக் கிட்டங்கிகளைப் பாண்டிகசாலை என்பார்கள். மிளகும் சுக்கும் ஏலமும் அடைந்து கிடக்கும் அந்த வரிசையில் ஒன்றில் மட்டும் பழைய உலோகம் வாங்கி விற்றார்கள். தெருவில் நடந்து போகிறவர்களுக்கு மிளகு நெடியில் தும்மல் வரும்; அந்த ஒரு வாசலைத் தாண்டும்போது மட்டும் துரு மணக்கும். ஒச்சம்மாள் 1974ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அவள் புருசன் ஒச்சப்பன் அதே தெருவில் உந்துவண்டி தள்ளினான். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். சாயங்காலம் யார் முதலில் முடிக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். பேசிக்கொள்ளக்கூடத் தெம்பு இருக்காது.

முதல் எட்டு வருடம் உடைந்த குழாய், கப்பல் தகடு, அச்சு முறிந்த மிசின் என்றுதான் சரக்கு வந்தது. 1982ல் வளைகுடாப் பக்கமிருந்து புதுவிதமான மூட்டைகள் வரத் தொடங்கின. எந்தத் துறைமுகத்தில் யார் ஏற்றினார்கள் என்று கிட்டங்கியில் யாருக்கும் தெரியாது. சாக்கை அவிழ்த்துக் கொட்டினால் மணல் கொட்டும். மணலோடு சண்டையும் கொட்டும். டாங்கிச் சக்கரத்தில் ஓடும் இரும்புப் பட்டையின் கண்ணிகள், நசுங்கிய தண்ணீர்க் குப்பி, சட்டியைக் கவிழ்த்த மாதிரி இரும்புத் தொப்பி, துப்பாக்கித் தோட்டாவின் வெறும் கூடுகள்.

துப்பாக்கிக் கூடுகளில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று பித்தளை. அதன் உடம்பில் மேலிருந்து கீழாகக் கரிக்கோடுகள், யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல வரிசையாக ஓடும். அதைச் சுட்ட துப்பாக்கியின் உள்பக்கத்தில் அப்படிப் பள்ளங்கள் உண்டாம். இன்னொன்று கட்டை குட்டையானது. பெரும்பாலும் இரும்பு, மேலே பாசிநிறப் பூச்சு. காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். வரி போட்டது ஒரு நாட்டுக்காரனுடையது, பாசி பிடித்தது மற்றவனுடையது என்று பெண்கள் பிரித்துப் போட்டார்கள்.

பெரிய பீரங்கிக் கூடுகள்தான் கிட்டங்கிக்கு முக்கியம். முழங்கை நீளம், கை நுழையும் வாய், நல்ல பித்தளை. பெண்கள் அதைக் குப்பி என்றார்கள். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் அடியிலிருந்து உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும்; புல்லாங்குழல் மாதிரி அதில் ஓட்டைகள் இருக்கும். அது குழாய்க்காரன். இன்னொன்றின் உள்ளே ஒன்றும் இருக்காது. அது மொட்டையன். குழாய்க்காரன் அமெரிக்காக்காரன் செய்து கொடுத்தது, மொட்டையன் ரஷ்யாக்காரன் செய்து கொடுத்தது என்று மேற்பார்வை பார்த்த ராமபத்ரன் பின்னால் சொன்னார். அவர் தினமும் பேப்பர் படிக்கிறவர்.

முதல் இரண்டு வருடம் ஒரு சாக்கில் குழாய்க்காரன் இருந்தால் முழுக்கக் குழாய்க்காரன்தான். பிறகு கலந்து வர ஆரம்பித்தது. ஒரே சாக்கில் வரி போட்ட கூடும் பாசிக் கூடும் கிடந்தன.

"ரெண்டு கூட்டரும் சம்பந்தம் பேசி முடிச்சாச்சு போல," என்றாள் அம்மிணி. அவள் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் பிறந்த மலையாளி; ஒச்சம்மாளோடு பதினோரு வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தமிழ் பழகியவள்.

"அதொண்ணுமில்ல," என்றார் ராமபத்ரன். "இவன்டெ பீரங்கிய அவன் பிடிச்செடுக்கும். அவன்டெ தோக்கு இவன் கையில வரும். பின்ன சந்தையில கிட்டறத ரெண்டு பேரும் வாங்கும்."

"அப்ப அவன் துப்பாக்கியாலயே அவனைச் சுடுறானா?" என்றாள் ஒச்சம்மாள்.

"அதே."

"நல்லாருக்குய்யா பொழப்பு," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சாக்கை இழுத்தாள். அதற்கு மேல் வியப்பதற்கு அவளிடம் நேரமில்லை. யாருடையது என்று பார்ப்பதை அன்றோடு விட்டுவிட்டாள். பித்தளையா இரும்பா, வெடித்ததா வெடிக்காததா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

வெடித்ததா வெடிக்காததா என்று பார்ப்பது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குப்பியின் அடியில் நடுவே ஒரு வட்டம் இருக்கும். பெண்கள் அதைப் பொட்டு என்பார்கள். பீரங்கியின் ஊசி அந்தப் பொட்டில் அடித்தால்தான் தீ பிறக்கும். ஊசி அடித்த இடத்தில் குழி இருந்தால் அது வேலை செய்து முடித்த குப்பி. மொட்டையன் பொட்டு திருகாணி மாதிரி; சாவி போட்டுத் திருகினால் கையோடு வந்துவிடும். அதில் பயமில்லை. குழாய்க்காரன் அப்படியில்லை. பொட்டும் குழாயும் ஒரே துண்டு, இறுக்கி அடித்துச் செருகியது. அதை உள்ளிருந்து கம்பி வைத்துச் சம்மட்டியால் அடித்துத்தான் கழற்ற வேண்டும்.

சில குப்பிகள் ஏமாற்றும். ஊசி அடித்திருக்கும், குழியும் விழுந்திருக்கும், ஆனால் தீப்பிடித்திருக்காது. பீரங்கிக்காரன் எடுத்து வீசியிருப்பான். பிற்பாடு பொறுக்குகிறவன் மருந்துப் பையைக் கொட்டிவிட்டுப் பித்தளையைச் சாக்கில் போட்டிருப்பான். குழாய்க்குள் இருக்கிற வெடிமருந்து அப்படியே இருக்கும்; சம்மட்டி அடி விழுந்தால் அது வெடிக்கும். அதனால் குழி இருந்தால் மட்டும் போதாது. கையை உள்ளே விட்டுக் குழாயின் ஓட்டைகளைத் தடவ வேண்டும். வெடித்தது என்றால் விரல் கருத்து வரும். ஒவ்வொரு குப்பிக்கும் விரலைச் சாக்கில் துடைத்துவிட்டு அடுத்ததில் விட வேண்டும். அம்மிணி ஒரு முறை கையை விட்டு உள்ளே இருந்த தேளிடம் கொட்டு வாங்கினாள். அன்றிலிருந்து குழாய்க்காரன் பக்கமே அவள் வருவதில்லை. ஒச்சம்மாள் ஒருத்திதான் பார்த்தாள். பார்த்து முடித்த குப்பியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுப்பாள்.

அந்தக் குறியைப் பார்த்தால், களமசேரியில் பித்தளை உருக்கும் பவுண்டரியில் மறுபேச்சு இல்லாமல் குப்பியை எடுத்துக்கொள்வார்கள். அங்கே உருக்குவதற்கு முன்னால் குழாயை அடித்துக் கழற்றுகிற வேலை சங்கிலிப்பாண்டிக்கு. அவன் ஒச்சம்மாளின் கூடப் பிறந்த தம்பி. ஊரில் சும்மா திரிந்தவனை 1979ல் கையோடு கூட்டி வந்து, ராமபத்ரனிடம் சொல்லி அந்தப் பவுண்டரியில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். ஓட்டை போட்ட மரக்கட்டையில் குப்பியை நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் இறுக்கி, வாய்க்குள் கம்பியை விட்டு, குனிந்து பார்த்து, சம்மட்டியால் அடிப்பான். அடிக்கும்போது அவன் முகம் குப்பியின் வாய்க்கு நேர் மேலே இருக்கும்.

1985 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒச்சம்மாளின் வலது உள்ளங்கையை ஒரு தகடு கிழித்தது. ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டு, பொட்டலம் மாதிரி கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். வராமல் வீட்டில் படுத்தால் கை இன்னும் வலிக்கும் என்று அவள் நினைத்தாள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அன்று ஐம்பத்திரண்டு குழாய்க்காரன் கிடந்தது. லாரி மத்தியானம் வரும். குப்பி கனமானது, ஒரு கையால் சாய்த்துப் பிடித்தால்தான் மறு கை உள்ளே போகும். கட்டுப் போட்ட கையால் பிடிக்கவும் முடியாது, அதை உள்ளே விடவும் முடியாது. யாரையாவது பிடிக்கச் சொல்லி இடது கையை விட்டுப் பார்த்திருக்கலாம். எல்லாரும் அவரவர் குவியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரையும் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு குச்சியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினாள். இடது கையால் குப்பியைச் சாய்த்தாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் குச்சியை இடுக்கி உள்ளே விட்டாள். குழாயைத் தடவி வெளியே எடுத்தாள். துணி கருப்பு. அடுத்தது. கருப்பு. அடுத்தது. கருப்பு. மத்தியானத்துக்குள் ஐம்பத்திரண்டிலும் வட்டமும் கோடும் போட்டு முடித்துவிட்டாள். கையாலே பார்ப்பதைவிட இது சுளுவாக இருக்கிறதே என்றுகூட நினைத்தாள். லாரி வந்தது, ஏற்றினார்கள், போனது.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு அவள் வந்து சாக்கை விரித்தபோது அம்மிணி அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, இதுதான் ஒன் புது விரலா? கொள்ளாம், நல்லாருக்கு. தேளு கொத்தினா இதுக்கு நோவாது. இனி நானும் பாக்கறேன் குழாய்க்காரன."

சிரித்துக்கொண்டே, ஓரத்தில் தனியாக ஒதுக்கி வைத்திருந்த ஒரு குப்பியில் குச்சியை விட்டாள். அது பொட்டில் குழியே விழாதது. புதுசாக, உள்ளே பூச்சு மினுங்குவது. போலீசுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்தது. குச்சியை வெளியே எடுத்து நுனியைப் பார்த்தாள்.

"தாயே, இதும் கருப்பு."

ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். துணி கருப்பாகத்தான் இருந்தது. அது நேற்று முதல் குப்பியில் விட்டபோதே கருத்த துணி. அதற்குப் பிறகு அதை எதில் விட்டாலும் கருப்பாகத்தான் வரும். தண்ணீர்க் குடத்தில் விட்டாலும் கருப்பாகத்தான் வரும். விரலை ஒவ்வொரு முறையும் துடைத்தவள், துணியைத் துடைக்கவில்லை. நேற்று அவள் பார்த்தது ஒரு குப்பிதான். மற்ற ஐம்பத்தொன்றையும் பார்க்கவே இல்லை.

"எந்தா சேச்சி? தலை சுத்துதா?"

ஒச்சம்மாள் எழுந்து ராமபத்ரனிடம் போனாள். அவர் அப்போதுதான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சேட்டா, களமசேரிக்குப் போன் போடுங்க. நேத்துப் போன குப்பிய தொடக் கூடாதுன்னு சொல்லுங்க. நான் பாக்காம குறி போட்டுட்டேன்."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. ஆனாலும், "நீ பேடிக்காதே ஒச்சம்மா," என்றார். "அம்பத்திரண்டுல ஒண்ணுகூட இருக்காது. ஆறு மாசத்துல ஒண்ணோ ரெண்டோ கிட்டும், இல்லே?"

"அந்த ஒண்ணு நேத்து வந்திருந்தா?"

அவர் போனைச் சுற்றினார். காதில் வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி சுற்றினார்.

"மணி அடிக்குது. எடுக்க ஆளில்ல. ஆபீசு பத்து மணிக்கில்லே தொறக்கும்."

"தம்பி எட்டு மணிக்கு உக்காந்துருவான் சேட்டா."

சுவர்க் கடிகாரத்தில் எட்டாகப் பத்து நிமிடம் இருந்தது. ராமபத்ரன் மூன்றாவது முறை சுற்றத் தொடங்கினார். அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

படகுத்துறையில் எறணாகுளம் போகும் படகு புறப்படத் தயாராக நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். வெயில் ஏறாத நேரம், காயலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. படகு போகிற வேகத்தைப் பார்த்தால் இறங்கித் தள்ளலாம் போல இருந்தது. அவள் கணக்குப் போட்டாள். தம்பி ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு குப்பி அடிப்பான். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குள் பன்னிரண்டு. எறணாகுளத்தில் இறங்கி, பஸ் பிடித்து, களமசேரியில் இறங்கி நடந்தால் ஒன்பதரை ஆகும். அதற்குள் பதினெட்டு. ஐம்பத்திரண்டில் பதினெட்டு. இதை அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பதினெட்டுதான் வந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் அவள் கைக்கட்டைப் பார்த்து, "எந்தா அம்மா, யாரைப் போய் அடிச்சே?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள், "தம்பிய," என்றாள். அவன் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

களமசேரியில் பெரிய ரோட்டிலிருந்து பவுண்டரிக்கு அரை மைல் மண்பாதை. பாதி தூரம் வந்ததும் சம்மட்டிச் சத்தம் கேட்டது. டங். நிறுத்தம். டங். பித்தளைச் சத்தம். சத்தம் கேட்கிற வரைக்கும் அவன் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு அடியும் அடுத்த குப்பியின் மேல் விழுகிறது. அந்தச் சத்தம் வேண்டும் என்று நினைப்பதா, வேண்டாம் என்று நினைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.

கதவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது சத்தம் நின்றது. அவள் நின்றாள். எண்ணினாள். இருபது வரை எண்ணியும் அடுத்த அடி விழவில்லை. வெடிச் சத்தமும் இல்லை. அவள் ஓடினாள்.

சங்கிலிப்பாண்டி மரக்கட்டைக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணாடி டம்ளரில் சாயா குடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கரி. அக்காவைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

"என்னக்கா? ஆத்தாளுக்கு எதுவுமா?"

"எத்தனை அடிச்ச?"

"என்னத்த?"

"குப்பிடா. இன்னிக்கு எத்தனை அடிச்ச?"

"பத்தொம்போது. ஏன், நீ எப்ப மொதலாளியான?"

ஒச்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. சுற்றிலும் அவன் கழற்றிப் போட்ட குழாய்கள் கிடந்தன. அவன் சாயாவை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, குச்சி, துணி, கருப்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு தன் முழங்கால் இரண்டையும் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை.

பவுண்டரியின் மேனேஜர் வெங்கிடேஸ்வரன் வந்தார். பாலக்காட்டுக்காரர், ஆபீசுக்குப் போகுமுன் உலைப் பக்கம் ஒரு சுற்று வந்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"என்ன இது, வேலை நேரத்துல குடும்பத்தோட சாயா உபசாரமா?"

விஷயத்தைக் கேட்டதும் இரண்டு அடி பின்னால் போனார்.

"குறி போட்டிருக்கேளே அம்மா. அதைப் பாத்துட்டுன்னா நாங்க எடுக்கறோம்."

"ஆமா சாமி. நான்தான் போட்டேன். பாக்காம போட்டேன்."

மீதி முப்பத்துமூன்று குப்பி சுவரோரம் வரிசையாக நின்றது. எல்லாவற்றிலும் வட்டமும் கோடும். சங்கிலிப்பாண்டி முதல் குப்பியை எடுத்து வந்து இரண்டு கையாலும் சாய்த்துப் பிடித்தான். ஒச்சம்மாள் இடது கையை உள்ளே விட்டாள். கருப்பு. சாக்கில் துடைத்தாள், விரல் நுனியை வெளிச்சத்தில் பார்த்தாள், பிறகு அடுத்ததில் விட்டாள். தம்பி பிடித்துக்கொள்வதால் வலது கைக்கு வேலையே இல்லை. நேற்று யாராவது ஒருவர் இப்படிப் பிடித்திருந்தால் போதும்.

பதினாலாவது குப்பியில் விரல் வெளியே வந்தபோது கரி இல்லை. செம்மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். ஓட்டைகளைத் தடவினாள். ஓட்டைகள் அடைபட்டிருந்தன, உள்ளே காகிதம் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. விரலை எடுத்தாள். சுத்தமாக இருந்தது.

"இதை ஆட்டாம வையி," என்றாள்.

சங்கிலிப்பாண்டி அடியைத் திருப்பிப் பார்த்தான். பொட்டின் நடுவே நல்ல ஆழமாக ஊசிக்குழி. யார் பார்த்தாலும் வெடித்தது என்றுதான் சொல்வார்கள். அவன் அதைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல மணலில் வைத்துவிட்டு வந்தான். மீதி பத்தொன்பதையும் பார்த்து முடித்தார்கள். எல்லாம் கருப்பு.

பத்து மணிக்கு ஆபீசில் போன் அடித்தது. ராமபத்ரன்தான். வெங்கிடேஸ்வரன் பேசிவிட்டு வந்து, "உங்க ராமபத்ரன் சொல்றார், அந்த ஒண்ணு இங்கே பழைய குவியல்லேந்து கலந்திருக்கலாமாம்," என்றார்.

"குறியப் பாருங்க சாமி. என் கோடுதான்," என்றாள் ஒச்சம்மாள்.

அந்தக் குப்பியைத் தண்ணீர் நிறைத்த பீப்பாயில் இறக்கினார்கள். மறுநாள் போலீஸ் ஜீப் வந்து பீப்பாயோடு எடுத்துப் போனது. அதற்கு என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

குப்பியைப் பீப்பாயில் இறக்கிய அன்று மத்தியானம் வேப்பமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சங்கிலிப்பாண்டி கேட்டான்.

"மூணு வருசமா இதத்தான அடிக்கிறேன். அப்ப முந்தி அடிச்சதெல்லாம்?"

"கையால பாத்தது பாத்ததுதான்."

"எல்லாத்தையும் பாத்தியா?"

முதுகு கடுத்த நாட்கள், காய்ச்சலோடு வந்த நாட்கள், லாரிக்காரன் ஆரன் அடித்து அவசரப்படுத்திய நாட்கள் எல்லாம் இருந்தன. அன்றெல்லாம் விரலைத் துடைத்தாளா?

"அசந்த நாளும் இருந்திருக்கும்டா," என்றாள். "நீ இதை விட்டுரு. ஊருக்குப் போயிரு."

"ஊர்ல என்ன, எனக்குத் தாலுகா கச்சேரில நாற்காலி போட்டு வச்சிருக்கானா?"

"வேற எடத்துல பாப்போம்."

"நான் எங்க போனாலும் இந்தக் கட்டையில இன்னொருத்தன் உக்காருவான். அவன் ஒனக்குத் தம்பி இல்லாதனால பரவால்லையா?" சோற்றைப் பிசைந்துகொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான். "நீ அங்க உக்காந்து வட்டம் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவ. நான்தான இங்க மூஞ்சியக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அவனுக்கும் தெம்பில்லை. அதனால்தான் அது அவளுக்கு உறைத்தது. மட்டாஞ்சேரியில் குறி போட்டால் களமசேரியில் அடி விழுகிறது. நடுவில் ஒரு காயலும் ஏழெட்டு மைல் ரோடும். தப்பு செய்கிறவள் ஓரிடத்தில், தாங்குகிறவன் ஓரிடத்தில்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் நேராக வெங்கிடேஸ்வரனிடம் போனாள்.

"சாமி, இனிமே மட்டாஞ்சேரியில குறி போட மாட்டேன். குழாய்க்காரன அப்படியே இங்க அனுப்பச் சொல்றேன். இங்க வந்து பாக்கறேன். அவன் பிடிக்கட்டும், நான் பாக்கறேன், அப்பறம் அவன் அடிக்கட்டும்."

"உலைக்கிட்ட பொம்மனாட்டிகளை விடறதில்லையே அம்மா."

"அப்ப குறி இல்லாமத்தான் வரும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறி இல்லாத குப்பியை அடிக்க இனி யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ராமபத்ரனோடு போனில் அரை மணி நேரம் பேசினார். ராமபத்ரன் முதலில் முணுமுணுத்தார், பிறகு சரி என்றார். அவருக்கும் வேறு வழியில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் அவள் முதல் படகில் ஏறிக் களமசேரிக்குப் போனாள். 1988ல் சண்டை நின்றது. குப்பி வருவது மெல்லக் குறைந்து ஒரு வருடத்தில் அடியோடு நின்றுபோனது. அவள் அதே தெருவில் சுக்குக் கிட்டங்கிக்குப் புடைக்கப் போனாள். சங்கிலிப்பாண்டி உலைக்கு மாறினான். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது.

முதல் திங்கட்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது கையில் கட்டு சின்னதாகியிருந்தது. இருபத்தெட்டுக் குப்பி காத்திருந்தது. அவன் ஒன்றைச் சாய்த்துப் பிடித்தான். அவள் இடது கையை விட்டு எடுத்துக் காட்டினாள். கருப்பு. அவனும் அந்த விரலைப் பார்த்துத் தலையாட்டினான். குப்பியைக் கட்டையில் நிறுத்தி, முழங்காலில் இடுக்கி, கம்பியை உள்ளே விட்டுச் சம்மட்டியைத் தூக்கியவன் நிறுத்தினான். அவள் எதிரே, அவன் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா. மேல தெறிக்கும்."

"இருக்கட்டும்."

"அப்ப அந்தப் பக்கமாத் திரும்பிக்க."

"நான் பாத்த குப்பிதான? அடி."

அவன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு குனிந்து அடித்தான்.